வண்டிக்கு வேறு கியர் பாக்ஸ் மாட்டியாயிற்று

ஆத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வேல்விழிக்கு அப்பா எழுதுவது. செந்தூரான் துணையில் இங்கே நான் சுகமாக இருக்கிறேன், ஜெர்மனியில் நீயும் மாப்பிள்ளையும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ “அப்புறம்?” என்று கேட்டதும் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. கொடிக்காலில் நின்ற மழைத்தண்ணீர் வடிந்துவிட்டது, வெற்றிலைக்குப் பெரிய சேதம் இல்லை. உன் செல்லக்கிளி சித்தி வெள்ளிக்கிழமை தவறாமல் குழம்பு கொடுத்துவிடுகிறாள், நான்தான் மூன்று நாளைக்கு அதையே சுட வைத்துச் சாப்பிடுகிறேன்.

முக்காணிப் பாலத்தில் வண்டி நின்ற அன்று நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. நம் பிக்கப்பில் மூன்றாவது கியர் தானாகத் தெறித்து வெளியே வருவது உனக்குத் தெரியும். அம்மா இருந்தவரை அது ஒரு கோளாறாகவே தெரியவில்லை. தூத்துக்குடிக்கு வெற்றிலை ஏற்றிப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து, நான் மூன்றாவதைப் போட்டதும் கியர் ராடை வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வாள், ஊர்க்கதை பேசிக்கொண்டே பழையகாயல் வரைக்கும் பிடித்துக்கொண்டு வருவாள். அவள் போன பிறகு ஒரு கையில் ஸ்டீயரிங், ஒரு கையில் ராடு என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பாலத்து ஏற்றத்தில் ஒரு பைக் குறுக்கே வர, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை ஒடித்தேன். கியர் விட்டுப்போய் வேகம் குறைந்து வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது, பிரேக்கை மிதித்துக்கொண்டு பதற்றத்தில் ராடைத் திணித்ததில் உள்ளே ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. பின்னால் வந்த லாரிக்காரர்கள் இறங்கி வந்து வண்டியை ஓரம் தள்ளிவிட்டுப் போனார்கள். வெற்றிலைக் கட்டு வெயிலில் கிடக்கிறது, யாரிடமாவது சொன்னால் தேவலை என்று போனில் ஒவ்வொரு பேராகத் தள்ளிப் பார்த்தேன். ஜெர்மனியில் இருக்கிற பிள்ளை என்ன செய்ய முடியும் என்று தெரிந்தும் உன்னைத்தான் கூப்பிட்டேன்.

வண்டியை விற்றுவிட்டு அங்கே வந்துவிடுங்கள் என்று நீ சொன்னாய். நான் ரோட்டோரம் உட்கார்ந்தபடி வெற்றிலைக் கட்டின் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டிருந்தேன். அதன் பிறகு, “சரி, வண்டி எந்த வருஷத்து மாடல்ப்பா?” என்று கேட்டாய். அதைக் கேட்ட பிறகுதான் நான் எழுந்து ஜாய்சன் ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டேன். அவன் பிரித்துப் பார்த்து, கியர் பல் போனால்கூட மாற்றலாம், பாக்ஸின் இரும்புக் கூடே விரிசல் விட்டுவிட்டது, இதை இனிச் சரி பண்ண முடியாது என்றான். அன்றிலிருந்து உன் கார் கம்பெனி ஆபீஸ் முடிகிற நேரத்தில் தினமும் கூப்பிட்டாயே. மீன் ஏற்றிய வண்டியிலிருந்து கழற்றிய பழைய கியர் பாக்ஸ் ஒன்று குறைந்த விலைக்கு வந்தபோது எண்ணெயை வடித்துக் காட்டச் சொன்னாய், அது பால் மாதிரி வெளுத்திருந்தது, தண்ணீர் இறங்கியிருக்கிறது, வேண்டாம் என்றாய். புது மாடலின் ஐந்து கியர் பாக்ஸைப் போட்டால் ஓட்ட இலகுவாக இருக்கும் என்று ஜாய்சன் ஆசை காட்டினான். எனக்கும் ஆசைதான். பின் சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டை வெட்டிக் குறுக்க வேண்டும், தாங்குகிற சட்டத்தையும் மாற்ற வேண்டும், பாரம் ஏற்றி ஆத்தூருக்கும் தூத்துக்குடிக்கும் போகிற வண்டிக்கு ஐந்தாவது கியர் எதற்கு என்று நீ மறுக்க, இரண்டு பேரும் வெகுநேரம் வாதாடினீர்கள். நான் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் முத்துச்செல்வத்தின் பழைய இரும்புக் கடையில் விபத்தில் நொறுங்கிய வண்டியில் இருந்த, நம் மாடல் பாக்ஸே கிடைத்தது. ஜாய்சன் பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தண்டைக் கையால் சுற்ற, நான் போனை அதன் பக்கத்தில் வைத்தேன். நீ மூச்சைப் பிடித்துக் கேட்டுவிட்டு, “இதுதான்ப்பா, இதையே எடுத்திருங்க” என்றாய். அந்தக் கடையில் நின்ற எல்லோரிடமும் என் மகள் என்று சொன்னேன்.

இப்போது வண்டி நன்றாக ஓடுகிறது. எந்த ஏற்றத்திலும் மூன்றாவது கியர் அசையாமல் நிற்கிறது. மாட்டிய அன்று வீடியோ அனுப்பினேன், “சூப்பர்ப்பா” என்று போட்டிருந்தாய். அதற்குப் பிறகு நீ கூப்பிடவில்லை. குறையாகச் சொல்லவில்லை மக்களே, உனக்கு வேலை இருக்கும். ஆனாலும் அந்த நேரம் வந்தால் போனை மேஜையில் எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை ஜாய்சனிடம் போய், உள்ளே ஏதோ சத்தம் வருகிற மாதிரி இருக்கிறது, என் மகளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோமா என்றேன். அவன் துறைமுகம் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சாவியை என் கையில் கொடுத்தான். “வண்டில ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. சும்மா பேசணும்னு சொல்லிப் பிள்ளைக்கு ஒரு போன் போடுங்க” என்றான். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன், சும்மா என்று எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல். அம்மாவும் முருகனும் உங்கள் இருவருக்கும் எந்தக் குறையும் வராமல் பார்த்துக்கொள்வார்கள். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, இருந்தாலும் கூப்பிடு.

உன் அப்பா,
தாணுலிங்கம்