ஹோஸ் வலையில் மண்

வேலைக்குக் கிளம்புமுன் திருச்செல்வம் வாஷிங் மெஷின் மூடியில் ஒரு சீட்டை ஒட்டினான். அவனுடைய வெள்ளைச் சட்டைகளில் சாயம் ஏறிய நாளிலிருந்து மனைவி ஷாமினி அவனிடம் பேசுவதில்லை. அவளுடைய பை வாசலருகே தயாராக இருந்தது.

“ஷாமினி, ஹோஸ் வலையில மண்ணு அடைச்சுத்தான் தண்ணி மெதுவா வந்துச்சு. கழுவிட்டேன். நாசி லெமாக் மேசையில இருக்கு, சாப்பிடு.”

பேனாவை மூடியவன் மறுபடி திறந்து, அடியில் நெருக்கி எழுதினான்.

“போன வாரம் தண்ணி கட் ஆகி வந்தப்ப, சுடுதண்ணி ஹோஸையும் பச்சத்தண்ணி ஹோஸையும் கழட்டி மாத்தி மாட்டினது நான்தான். இன்னிக்குத்தான் பார்த்தேன். நீ பச்சத்தண்ணியிலதான் போட்டிருக்க, சுடுதண்ணி வந்துதான் சாயம் இறங்கியிருக்கு. உன் அக்கா முன்னாடி உன்னை அப்படித் திட்டியிருக்கக் கூடாது. ஜெஞ்சாரோமுக்கு அக்கா வீட்டுக்குப் போறதா இருந்தா, இந்தச் சீட்டையும் கொண்டுபோய் அவங்ககிட்ட காட்டு.”