மூன்றாவது தேனீ உடுப்பு

கொலோன்
பொங்கல் கழிந்த செவ்வாய்

அன்பு மகள் கம்சனாவுக்கு,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், டிரெஸ்டன் குளிரில் உன் நெஞ்சுச் சளி திரும்பி வராமல் இருக்க நல்லூர் முருகனை வேண்டிக்கொண்டே இதை எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் கடிதமாக வைக்கிறேன், எழுத்துக்கூட்டியாவது முழுக்க வாசி. அப்பாவின் முழங்கால் நோவுக்கு டொக்டரிடம் காட்ட சித்திரையில்தான் டெர்மின் கிடைத்தது, அதுவரைக்கும் நோவும் பொறுத்திருக்குமாம் என்று சொல்லித் தானே சிரிக்கிறார்.

சங்கத்துப் பொங்கல் விழா சனிக்கிழமை நடந்தது. விளக்கேற்றுகிற நேரம் சுரேன் ஒலிவாங்கியில், எங்கட மூத்த தாய் மகாதேவி அம்மாவை அன்போட கூப்பிடுறம் என்றான். போன வருசம் வரைக்கும் என்னை அன்ரி என்று கூப்பிட்டவன். நானும் எழும்பிப் போய்ச் சிரித்த முகத்தோடு ஏற்றினேன். என்னைவிட மூன்று வயது மூத்த உன் பெரியம்மா அப்போது திரைக்குப் பின்னால் வெள்ளைச் சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டு நின்றார். பிறகு இளம் பிள்ளைகளோடு சேர்ந்து புதுப்படப் பாட்டுக்கு ஆடினார், மண்டபம் முழுக்க விசில். பக்கத்துக் கதிரையில் இருந்த பிருந்தா, ரஞ்சினி அக்காவுக்கு அறுபத்தொண்டு எண்டு ஆர் சொல்லுவினம் என்று கேட்டாள். நான் சொல்லுவன் என்றேன்.

சங்கத்து ஆட்கள் போட்ட அந்த ஆட்டத்தின் வீடியோவுக்குக் கீழே நீ, பெரியம்மா, எனக்கு வயசு போனால் உங்களைப் போலத்தான் இருக்க வேணும் என்று எழுதியிருக்கிறாய். வாசித்ததும் வயிறு எரிந்தது பிள்ளை, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நினைப்பாய். எனக்கு ஆடத் தெரியும். நீ பெரிய பிள்ளையான வருசம் வரை நானும் இதே சங்கத்தில் கோலாட்டத்துக்கு நின்றவள்தான். குமர்ப்பிள்ளையை வைத்துக்கொண்டு தாய் ஆடுகிறாள் என்று கதைக்கத் தொடங்கினால் உன் பெயரைத்தான் இழுப்பார்கள், அதற்காகவே நிறுத்தினேன், ஆட்டத்துக்குக் கட்டுகிற சிவப்புச் சீலையும் அன்றோடு பெட்டிக்குள் போனது. அக்காவுக்கு இரண்டும் ஆம்பிளைப் பிள்ளைகள், அவரை யார் என்ன கேட்டார்கள்? இப்போது காலம் மாறிவிட்டது, நீயே முப்பத்திரண்டு வயதில் மேசை முழுக்க லெகோ விளையாட்டுக் கட்டை அடுக்கி வைத்திருக்கிறாய், கேட்டால் எல்லாரும் செய்யினம் அம்மா என்கிறாய். கீழ்வீட்டு எமில் எழுபது தாண்டியும் வருசா வருசம் கார்னவால் வேடத் திருவிழாவுக்குக் கடற்கொள்ளைக்காரனாக வெளிக்கிடுகிறார். மாறட்டும், நல்லதுதான், ஆனால் மாறிவிட்டது என்று எனக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை, விளக்கைத்தான் கையில் தந்தார்கள்.

நத்தார் விடுமுறைக்கு வந்து நின்றபோது நீ முதலில் என்னிடம்தான் கேட்டாய், அம்மா, கார்னவாலுக்கு ரெண்டு பேரும் தேனீ உடுப்புப் போட்டுக்கொண்டு போவமோ என்று. எனக்கேன் பிள்ளை இந்த வயசில உந்தக் கூத்து என்றேன். நீயும் சரியம்மா என்று எழும்பிப் போய்விட்டாய். நீ எந்த வீட்டில் வளர்ந்தாய்? வீட்டுக்கு வருகிற ஆட்கள் தேத்தண்ணி வேண்டாம் என்று சொன்னவுடன் நாங்கள் அடுப்பை அணைக்கிறோமா? இரண்டாம் தரம் கேட்போம், மூன்றாம் தரம் கோப்பையைக் கையிலேயே கொடுத்துவிடுவோம். நீ ஜெர்மன்காரர் மாதிரி ஒரு தரத்தோடு விட்டுவிட்டுப் பெரியம்மாவைக் கேட்டாய், அவர் நீ கேட்டு முடிக்க முதலே ஓம் என்றாராம்.

போன கிழமை அக்கா கறுப்பும் மஞ்சளுமாகத் துணி கொண்டுவந்து, மகா, உன்ர கைக்குத்தான் தையல் வடிவாய் வரும், எனக்கும் பிள்ளைக்கும் தைச்சுத் தா என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கி வைத்தேன். இரண்டும் தைத்து முடிந்துவிட்டது. உன்னுடையதற்கு உள்ளே கம்பளித் துணி வைத்திருக்கிறேன், தெருவில் குளிராது. அவருடையதை இடுப்பில் கொஞ்சம் இறுக்கித்தான் தைத்திருக்கிறேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடட்டும். துணி மிஞ்சியது. மூன்றாவதாக ஒன்று தைத்து, பெட்டிக்குள் அந்தச் சிவப்புச் சீலைக்கு மேலே வைத்திருக்கிறேன்.

நோய் நொடி இல்லாமல், நரைத்த பிறகும் நீ உன் விருப்பப்படி லெகோ அடுக்கி விளையாட எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு உண்டு. மிளகாய்த்தூளை ஈரக் கரண்டியால் அள்ளாதே, பூஞ்சணம் பிடிக்கும். இதை வாசித்து முடித்த கையோடு போன் எடுத்து என்னைக் கார்னவாலுக்குக் கூப்பிடு. ஏலாது என்றுதான் சொல்லுவேன். திரும்பவும் கேள்.

உன்னை நினைத்தபடி இருக்கும்
அம்மா
மகாதேவி விஜயரத்தினம்