எல்லா விடையிலும் ஒன்று கூட

புளியங்காட்டுப்புதூர்,
சுபானு வருஷம், பங்குனி 12

ஜபல்பூர்ப் பட்டாளத்தில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு வள்ளியாத்தாள் வணங்கி எழுதுவது. நானும் நம் பெண் சௌந்திரமும் உடம்புக்கு நலமாக இருக்கிறோம். வடக்கே வெயில் கடுமை என்கிறார்கள். கவனமாக இருங்கள்.

கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. செவலைப் பசு கிடாரி போட்டிருக்கிறது. ஊர்ச் சேதி இவ்வளவுதான். வீட்டுச் சேதியை எப்படி எழுதுவதென்று மூன்று நாளாகச் சோறு இறங்காமல் இருக்கிறேன்.

புதன்கிழமை அப்புசாமி வாத்தியார் நம் பெண்ணின் பரீட்சைத் தாளோடு வந்தார். ஐந்தாம் வகுப்புக் கணக்கு, பத்தும் தப்பு. நான் தலை குனிந்தேன். "நல்லாப் பாருங்க அம்மிணி" என்றார். நாற்பத்தெட்டு வரவேண்டிய இடத்தில் நாற்பத்தொன்பது. நூற்றுப் பத்துக்கு நூற்றுப் பதினொன்று. எல்லா விடையிலும் சரியாக ஒன்று கூட. "தெரியாத புள்ளை இப்படித் தப்புப் போடாதுங்க. விடையைக் கண்டுபுடிச்சுட்டுத்தான் ஒண்ணு கூட்டியிருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளையை மாட்டுக் கட்டுத்தரைக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். அழவில்லை. "எனக்குச் சரியா வந்தா பெரியப்பா நாச்சிமுத்து அண்ணனை அடிக்கறாரு. நீதானம்மா பாத்து நடந்துக்கச் சொன்ன" என்றாள்.

ஆமாம், சொன்னேன். போன வருஷம் இவள் முதலாவதாக வந்த அன்று, "பொட்டப்புள்ளைக்கு ஏறுனது உனக்கு ஏறலையாடா" என்று உங்கள் அண்ணன் தன் மகனைச் சாட்டையால் விளாசினார். அவன் முதுகுக்கு எண்ணெய் தடவியவள் நான். அன்றுதான் இவள் காதில் அப்படி ஓதினேன். இவள் மார்க்குக் குறையக் குறைய வீடு அமைதியானது. நானும் நிம்மதியாக இருந்தேன். என்னை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நாச்சிமுத்துவுக்கோ கணக்குப் பாடம் உள்ள நாளில் காலைக் கூழ் வயிற்றில் தங்குவதில்லை. சிலேட்டைக் கண்டால் வாந்தி. அவனுக்கு மூளை இல்லையென்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள். நேற்று அவன் அப்பா சந்தைக்குப் போயிருந்தபோது, புளியங்கொட்டையைக் கையில் கொடுத்துப் பதினாறேழு எவ்வளவு என்று கேட்டேன். சரியாகச் சொன்னான்.

உங்கள் அண்ணன் திரும்பியதும் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். வாய் நிறைய வெற்றிலையோடு சிரித்தார். "புத்தியுள்ள புள்ளை. அடங்கி நடக்கோணும்னு இப்பவே தெரிஞ்சுக்கிச்சு. அப்படியே இருக்கட்டும்" என்று சௌந்திரத்தின் தலையைத் தடவினார். அடித்த அதே கை. அவர் அந்தப் பக்கம் போனதும் சீயக்காய் போட்டு அவள் தலையைத் தேய்த்துவிட்டேன்.

வாத்தியார் மறுபடியும் பரீட்சை வைக்கிறாராம். "பத்தையும் சரியாப் போடட்டுமா, வேண்டாமாம்மா?" என்று கேட்கிறாள். போடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பையன் முதுகு கண்ணிலேயே நிற்கிறது.

சித்திரையில் இவளை நாமக்கல்லில் என் தம்பி வீட்டில் விட்டுப் படிக்கவைக்கப் போகிறேன். தம்பி சம்மதித்துவிட்டான். நாச்சிமுத்துவையும் கூட்டிப்போக ஆசை. எனக்கு அந்த உரிமையில்லை. நீங்கள் அவனுக்குச் சித்தப்பா, நீங்கள் கேட்கலாம்.

உங்கள் கடிதத்தை இதுவரை உங்கள் அண்ணன்தான் பிரித்துப் படித்துச் சொல்வார். 'அண்ணன் சொல்படி நடந்துகொள்' என்ற வரி மட்டும் ஒரு தடவையும் தவறியதில்லை. இந்த முறை வாத்தியார் விலாசத்துக்கு, என் பெயர் போட்டு எழுதுங்கள். எனக்கும் படிக்கத் தெரியும். அந்த ஒரு வரியை மட்டும் எழுதாதீர்கள். மாரியாத்தா உங்களைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வள்ளியாத்தாள்