சுவர் வெடித்ததற்கு ஜேம்ஸ்ராஜ் மாமா காரணமில்லை

அன்புள்ள அப்பா,

உள்ளதை உள்ளபடியே எழுதப்போகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? நான் நலம்.

இங்கே திருச்சியில் எங்கள் அறிவியல் டீச்சர் வாரம் ஒரு சிறிய வீடியோ போடுகிறார். இந்த வாரம் நம் கரிசல் மண். ஈரம் பட்டதும் அது உப்பி, மேலே வைத்திருந்த செங்கல்லையே தூக்கிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் சுவர் வெடித்துவிடுமாம். குளியலறைத் தண்ணீர் முருங்கைக்குப் பாயட்டும் என்று நீங்கள்தானே நம் வீட்டுச் சுவர் ஓரமாகத் திருப்பிவிட்டீர்கள்? அந்த மூலையில்தான் விரிசல். பக்கத்து வீட்டு ஜேம்ஸ்ராஜ் மாமா ஆழ்துளைக் கிணறு தோண்டியதால் இல்லை.

நீங்கள் மாமா மேல் போலீசில் புகார் கொடுத்ததிலிருந்து அவர் மகள் வினோலியா என்னோடு பேசுவதில்லை. விடுதியில் எங்களுக்கு ஒரே அறைதான்; இருவருக்கும் நடுவே பெட்டியை இழுத்துப் போட்டிருக்கிறாள். வீடியோவில் பார்த்ததை நானாகப் போய்ச் சொன்னேன்.

"ஏட்டி விஞ்ஞானி, இதை ஏன் எங்கிட்ட சொல்லுத? எங்க அப்பாவ ஸ்டேஷன்ல நிக்க வச்சது ஒங்க அப்பா. அவியகிட்ட போய்ச் சொல்லு" என்றாள்.

அதனால்தான் சொல்கிறேன். தண்ணீரை வேறு பக்கம் திருப்புங்கள். புகாரைத் திரும்பப் பெறுங்கள். அதுவரை நான் விடுமுறைக்கு வரமாட்டேன்.

தேங்காய் எண்ணெயும் ஒரு சிறிய கண்ணாடியும் அனுப்புங்கள். இப்போது என் பின்னலை நானேதான் போட்டுக்கொள்கிறேன்.

வார்டன் விளக்கை அணைத்துவிட்டார்.

உங்கள் மகள்,
அக்சீலியா