மூன்றாவது மாடிக்குப் போக வேண்டியவர்கள்

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? நீங்கள் போனை எடுக்க மாட்டீர்கள், ஆனால் வந்த கடிதத்தைப் பிரிக்காமல் இருக்க உங்களால் முடியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். எங்கள் குழுவைப் பற்றி எழுதாதே என்று போன கடிதத்தில் கண்டித்திருந்தீர்கள். இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்ளுங்கள். இதை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஒரு வீட்டில் யாராவது தற்கொலையால் போய்விட்டால், உறவினர்கள் கேட்டுக்கொண்டபின் நாங்கள் இரண்டு பேர் போவோம். இருவருமே அப்படி ஒருவரை இழந்தவர்களாக இருக்க வேண்டும். எங்களுக்கு விலாசம் மட்டும்தான் தருவார்கள், போனவர் யார் என்பதை அந்த வீட்டாரே சொல்ல வேண்டும். ஆறுதல் சொல்லக் கூடாது, காரணம் கேட்கக் கூடாது. அனுமதி வாங்கிக்கொண்டு நேராக ஃப்ரிட்ஜைச் சுத்தம் செய்ய வேண்டும். போனவர் பாதி சாப்பிட்டு வைத்தது உள்ளே அப்படியே இருக்கும், வீட்டாருக்கு அதைத் தொடக் கை வராது. வைக்கவா, எறியவா என்று ஒவ்வொன்றாகக் கேட்போம். கேட்கக் கேட்கப் பேச்சு தானாக வரும்.

சனிக்கிழமை நானும் குழுவில் உள்ள ஒரு சலூன்காரரும் போனோம். தம்பியை இழந்தவர், ஆனால் வாய் மூடாத மனிதர். லிஃப்ட் வேலை செய்யவில்லை. அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே ஏறியதில் எத்தனை மாடி ஏறினோம் என்று எண்ணாமல் விட்டுவிட்டோம். கதவைத் திறந்தவர் ஒரு முதியவர், ரிட்டையரான பஸ் கண்டக்டர். போனவர்களைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறோம் என்றேன். கதவை முழுதாகத் திறந்துவிட்டார்.

"இப்பதான் வர்றீங்களா? சரி, உள்ள வாங்க."

ஃப்ரிட்ஜில் ஒரு பால் பாக்கெட், பாதி எலுமிச்சம்பழம், ஒரு டார்ச் லைட். சலூன்காரர் டார்ச்சைத் தூக்கிக் காட்டினார். "அத வைங்க. அது அங்கதான் இருக்கணும், இல்லன்னா நான் தேடணும்" என்றார் கண்டக்டர். பிறகு மகளைப் பற்றி ஆரம்பித்தார். வீட்டுக்குள் சீட்டியடிப்பாளாம், அவர் விசில் ஊதுவதைவிட நன்றாக. அரை மணி நேரம் சிரித்துச் சிரித்துக் கேட்டோம். எப்போது போனார் என்று சலூன்காரர் கேட்டதற்கு, இருபத்திரண்டு வருடம் ஆகிறது என்றார்.

வீடு மாறி வந்துவிட்டோம் என்று அப்போதுதான் புரிந்தது. நாங்கள் மூன்றாவது மாடிக்குப் போக வேண்டியவர்கள் என்று ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்மா. மேல் வீட்டுப் பையன் போனது எனக்குத் தெரியாதா? நீங்க தப்பா வந்திருக்கீங்கன்னு வாசல்லயே தெரிஞ்சுபோச்சு. ஆனா அவளப் பத்திக் கேக்கணும்னு இத்தனை வருஷத்துல யாரும் என் வாசலுக்கு வரல. திருப்பி அனுப்ப மனசு வரல."

அப்புறம் சட்டை மாட்டிக்கொண்டு அவரும் எங்களோடு மேலே ஏறினார். என்ன பேசுவது என்று தெரியாமல் பத்து நாளாக அந்தப் படியில் கால் வைக்காமல் இருந்தாராம். நீங்க பேசுங்க, ஃப்ரிட்ஜை நான் பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டார். இந்த வாரம் எங்கள் குழுக் கூட்டத்துக்கும் வந்து, கதவோரம் நின்றவர்களை எல்லாம் "உள்ள போ, உள்ள போ, இடம் இருக்கு" என்று விரட்டினார். துக்கக்காரர்கள் நாற்பது பேர் சேர்ந்து அப்படிச் சிரித்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அண்ணன் போனபோது நம் வீட்டுக்கு இப்படி யாரும் வரவில்லை. வந்திருந்தால் அம்மா உங்களை அந்தக் கேள்வி கேட்டிருக்க மாட்டாள் என்று தோன்றுகிறது. இதற்கும் திட்டி எழுதுங்கள். ஆனால் எழுதுங்கள்.

உங்கள்
வாயாடி


மார்ச் 14

என் வாயாடிக்கு,

ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிறவளுக்கு இந்தப் பெயரை வைத்தவர் உன் அண்ணன். செய்யாதே என்றால் செய்வதில் நீ அப்படியே அவர்தான். எழுதிவிட்டுப் பார்க்கிறேன், மூன்று வருடத்தில் அவரைப் பற்றி நான் எழுதும் முதல் வரி இது.

உன் கடிதத்தைக் கண்ணாடிக் கடையில், கண் பரிசோதனை இல்லாத நேரத்தில் படித்தேன். டார்ச் லைட் வந்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எங்கள் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர் மெஷினை நிறுத்திவிட்டு என்ன என்று கேட்டார். உன் கதையைச் சொல்ல ஆரம்பித்து என் கதையில் முடித்தேன். இந்த ஊரில் எல்லாரிடமும் கணவருக்கு மாரடைப்பு என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். அவரிடமும்.

அந்த லென்ஸ்காரரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜனவரியிலேயே என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். பொய் சொல்லி வைத்திருக்கும் ஆளிடம் எப்படிச் சரி என்று சொல்வது? அதனால் இழுத்துக்கொண்டே இருந்தேன். அன்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "நான் கேட்டது கேட்டதுதான்" என்றார்.

ஏப்ரல் இருபது, பதிவு அலுவலகம். சாட்சிக் கையெழுத்து நீ போட வேண்டும்.

அத்தையிடமும் நீதான் சொல்ல வேண்டும். "கூடவே இருந்தவ, உனக்குத் தெரியாதா?" என்று உன் அண்ணன் போன அன்று எல்லார் முன்னாலும் கேட்டார். அந்தக் கேள்வியோடு அங்கே இருக்க முடியாமல்தான் ஊரை விட்டே வந்தேன். அவர் வேண்டாம் என்றாலும் நான் கல்யாணத்தை நிறுத்தப் போவதில்லை. ஆனால் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் கையெழுத்துப் போடுவேன்.

அன்புடன்
அண்ணி


மார்ச் 22

என் அருமை அண்ணிக்கு,

கடிதத்தை அலுவலக மாடிப்படியில் நின்று மூன்று முறை படித்தேன். எதிரே வந்த மேனேஜருக்கு எதற்கோ வாழ்த்துச் சொல்லிவிட்டேன், அவரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார். கல்யாணத்துக்குப் பிறகும் உங்களை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். லென்ஸ்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள், பின்னால் தகராறு வேண்டாம்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். ஊரார் கதவையெல்லாம் தட்டுகிறேன், பெற்ற தாயிடம் இதைச் சொல்ல எனக்கு ஐந்து நாள் ஆயிற்று. ஒரே தலையணை உறையை நான்கு முறை மடித்தாள்.

"நான் அன்னைக்குக் கேட்டத அவ இன்னும் மறக்கலையா?"

"இல்லம்மா."

"நானும் மறக்கல."

அப்புறம் உங்கள் கடை விலாசத்தைக் கேட்டாள். நானும் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். எதற்குப் போகிறாய் என்றால், அதை உன்னிடம் சொல்வதற்கில்லை என்கிறாள். கோபமா, இல்லையா என்று முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறாள். பின் சக்கரத்துக்கு மேல் சீட்டு வேண்டாம், தூக்கிப் போடும் என்று எங்கள் குழுவுக்கு வந்த கண்டக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. உடனே எழுதுங்கள்.

உங்கள்
வாயாடி


மார்ச் 30

என் வாயாடிக்கு,

அத்தை உன்னிடம் வாயே திறந்திருக்க மாட்டார், அதனால் நான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை கடையில் நல்ல கூட்டம். ஏழாம் நம்பர் டோக்கனைக் கூப்பிட்டேன். மூலை நாற்காலியிலிருந்து அத்தை எழுந்து வந்தார். ஒரு மணி நேரமாக வரிசையில் உட்கார்ந்திருந்தாராம்.

என்ன செய்வதென்று தெரியாமல், எல்லாருக்கும் செய்வதையே செய்தேன். நாற்காலியில் உட்காரவைத்தேன், விளக்கை அணைத்தேன், எழுத்துப் பலகையைக் காட்டிப் படியுங்கள் என்றேன். இரண்டு வரி படித்தார். பிறகு, பலகையைப் பார்த்தபடியே சொன்னார்:

"கூட இருந்தவ உனக்குத் தெரியாதான்னு கேட்டேன். பெத்தவ, எனக்கே தெரியலையேம்மா. அதத் தாங்க முடியாமத்தான் உன் மேல போட்டேன். அது உன் தப்பு இல்ல. என் தப்பும் இல்லன்னு என் பொண்ணு சொல்லிக்கிட்டே இருக்கா. இருக்கலாம். ஆனா உன்னக் கேட்டது என் தப்பு."

என்னால் அத்தை என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. எட்டாம் நம்பர் கதவைத் தட்டும்வரை அவர் மடியில் முகத்தை வைத்திருந்தேன். "இரும்மா, எனக்கு இன்னும் மூணு வரி பாக்கி இருக்கு" என்று அத்தையே உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

மாப்பிள்ளையையும் மெஷின் பக்கத்திலேயே வைத்து விசாரித்தார். இந்தச் சத்தத்தில் உனக்குக் காது கேட்குமா, இவள் மெதுவாகப் பேசுகிறவளாயிற்றே என்று. அவர் "என்னங்க?" என்றார். அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். இருபதாம் தேதி முதல் வரிசையில் உட்காரப் போகிறாராம். நீ சாட்சி மட்டும்தானாம், பெண் வீட்டார் அவராம்.

அத்தைக்கு இரண்டு கண்ணிலும் பவர் நன்றாக ஏறியிருக்கிறது. நான் அங்கே இருந்தபோது எழுதிக் கொடுத்த பழைய கண்ணாடியையே இன்னும் போட்டிருக்கிறார். மூன்று வருடமாக ஏன் வேறு யாரிடமும் காட்டவில்லை என்று கோபித்துக்கொண்டேன்.

"எனக்குக் கண்ணு பாக்கறது நீதானே" என்றார்.

உன்
அண்ணி