சுற்றாமல் கொடுத்த கேமரா

அலமாரியைத் துடைக்கப்போய்ப் பழைய பிஸ்கட் தகரத்தைத் திறந்தேன். குப்பென்று காடி வாடை. நம் நெகட்டிவ்கள் புளித்துப் போயிருக்கின்றன, தோழி. நீ இருந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஊறுகாயா போட்டு வச்சிருக்க?" என்று கேட்டிருப்பாய்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வந்த வருடம். வாரம் முழுக்க மலாக்காவின் காஜா பேராங்கில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவோம். சனிக்கிழமை பண்டார் ஹிலிரில் நமக்கு ஆசிரியர் பயிற்சி. வருடக் கடைசியில் பயிற்சி மிஸ் பரீட்சையோடு இன்னொன்றும் கேட்டார். "நான் சொல்லிக்கொடுத்தது எனக்குத் தெரியும். நீங்க என்ன கத்துக்கிட்டீங்க? படம் புடிச்சுக் காட்டுங்க. யாரு பாஸ்னு வகுப்பே பேசி முடிவு பண்ணட்டும்." இரண்டு பேருக்கு ஒரு பெட்டிக் கேமரா, எட்டுப் படம். எடுத்தவள் ஃபிலிமைச் சுற்றிவிட்டுத்தான் மற்றவளிடம் தரவேண்டும், இல்லாவிட்டால் ஒரு படத்தின் மேலேயே அடுத்ததும் விழும் என்பது நாம் போட்டுக்கொண்ட சட்டம்.

எழுத்துப் பரீட்சையில் நீ ஏற்கெனவே தவறியிருந்தாய். இதிலும் போனால் பயிற்சியே போய்விடும்.

நான் என் கரும்பலகையை எடுத்தேன், என் கையெழுத்தின் மேல் எனக்கு அவ்வளவு பெருமை. நீ ஒரு சிறுமியை எடுத்தாய். வீட்டில் மலாய் மட்டுமே பேசும் மலாக்காச் செட்டிக் குடும்பத்துப் பிள்ளை, வகுப்பில் வாயே திறக்காதவள். இடைவேளையில் சோழிகளைப் பரப்பி, "சத்து, டுவா" என்று மலாயில் எண்ணி மற்றப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கழுவி வந்த படத்தில் அவள் முகத்தின் மேல் என் கரும்பலகைக் கணக்கு கிடந்தது. எனக்கு வந்ததே கோபம்! பயிற்சி வகுப்பில் எல்லார் முன்னாலும், "சுத்தாம குடுத்துட்டியே, அறிவிருக்கா உனக்கு?" என்று கத்தினேன்.

"நாந்தான் மறந்துட்டேன் போல," என்றாய். பிறகு மிஸ்ஸிடம் திரும்பி, "இந்தப் பிள்ளைக்கு எண்ணத் தெரியும், மிஸ். பேசாதவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நான் முட்டை போட்டுட்டேன். அவளுக்குப் புரியுற மாதிரி நான் கேக்கவே இல்ல. இந்த வருஷம் நான் கத்துக்கிட்டது இதான்" என்றாய். மங்கிய அந்த முகத்தை எல்லாரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஒருவர் விடாமல் உனக்காகக் கை தூக்கினார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பலகையை எடுத்து முடித்ததும் இடைவேளை மணி அடித்தது. அப்படியே கேமராவை உன் கையில் திணித்தேன். வழியில் உனக்கு ஒரு கிண்ணம் ஐஸ் செண்டோல் வாங்கிக் கொடுத்தேன். "எதுக்குடி?" என்றாய். "சும்மாலா," என்றேன்.

அதற்கப்புறம் எத்தனை வருடம் பக்கத்துப் பக்கத்து வகுப்பில் இருந்தோம்! சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது, இன்னும் இருக்கிறது. பலகை முதலில், இடைவேளை பிறகு என்பது உனக்கு மட்டும் தெரியாமலா இருந்திருக்கும்?

சுற்றாதது நான்தான், தோழி. அன்றிலிருந்து எந்தப் பிள்ளை பதில் தெரியாமல் நின்றாலும், திட்ட வாயைத் திறக்கும் முன் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்: நீ சுற்றிக் கொடுத்தாயா?