இணைச்சீருக்கு யார் நிற்பது

கொல்லங்கோடு
14-3-1976

அன்பு மகன் சென்னியப்பனுக்கு அப்பா எழுதுவது. பிலாயில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். உன் அக்கா கமலாத்தாள் சுகமில்லை. அது உனக்குத் தெரிந்ததுதான், தெரிந்ததனால்தானே மாமனிடம் அப்படிச் சொல்லி அனுப்பினாய்.

வியாழக்கிழமை உன் மாமன் ஈஸ்வரமூர்த்தி வந்தார். பொள்ளாச்சியில் உனக்குப் பார்த்திருக்கும் பெண் வீட்டுக்குப் போய் வைகாசி முகூர்த்தத்தைப் பேசி முடித்துவிட்டு நேராக இங்கே வந்தார். சோறு போட்டு உட்கார வைத்தோம், கமலாத்தாள்தான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, தப்பா எடுத்துக்காதீங்க மச்சான், பொண்ணூட்டுக்காரங்க கண்ணு முன்னால இந்தப் புள்ளைய இணைச்சீருக்கு நிறுத்துனா நாலு பேரு நாலு சொல்லுவாங்க, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குது, சித்தப்பன் மக நிக்கட்டும்னு மாப்பிள்ளையே சொல்லியுட்டாருங்க என்றார். கமலாத்தாள் மோர்ச் சொம்பைக் கீழே வைக்கவில்லை. அவர் போதும் என்று கை காட்டும் வரைக்கும் ஊற்றிவிட்டு உள்ளே போனாள். இதை எனக்கு நேராக எழுத உனக்குக் கை வரவில்லை, மாமன் வாய் வேண்டியிருந்தது.

ஊர் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாதா. ஈரல் கெட்டது என்றால் கள் என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு. அதுவும் நாம் எல்லைக்கு இந்தப் பக்கம், கள்ளுக்கடை திறந்திருக்கிற மலையாளச் சீமை, பொள்ளாச்சிக்காரர்களுக்குக் கேட்க வேண்டுமா. காபிகூடக் குடிக்காதவளை ஒளித்து வைத்துக் குடிக்கிறாள் என்று பேசினார்கள். உடம்பெல்லாம் அரித்துச் சொறிந்தபோது அவள் புருஷன் வீட்டார் பெருவியாதி என்று தட்டையும் டம்ளரையும் பிரித்து வைத்தார்கள், பிறகு அவளையே கொண்டுவந்து இங்கே விட்டுவிட்டுப் போனார்கள். வெறும் காமாலை என்று உன் மாமன்தான் சூடு போடுகிறவரிடம் கூட்டிப் போனார். கையில் காசு அகலத்துக்குச் சுட்டு, அந்தப் புண்ணில் வடிகிற தண்ணியோடு காமாலையும் இறங்கிவிடும் என்றார்கள். புண் ஆறித் தழும்பாகிவிட்டது, மஞ்சள் அப்படியேதான் இருக்கிறது. உப்பில்லாப் பத்தியத்தில் ஆளும் பாதியாகிவிட்டாள்.

கோயமுத்தூர் டாக்டர் விலாவில் ஊசி விட்டு ஈரலில் துளி எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னதை உனக்கு அப்போதே எழுதினேன். நீ படித்தாயா என்று தெரியவில்லை, மறுபடி எழுதுகிறேன். ஈரலுக்குள் பித்தம் ஓட மெல்லிய குழாய்கள் இருக்கின்றனவாம். அந்தக் குழாய்ச் சுவரில் உள்ள செல்கள் இவளுக்கு நாற்பது வயதிலேயே கிழடு தட்டிவிட்டன என்பது அவர் எண்ணம். கிழடான செல் செத்தும் ஒழியாதாம், புதிதாக ஒன்றைப் பெற்றும் தராதாம், இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு பக்கத்தில் இருப்பதையும் கெடுக்குமாம். எங்கள் சாதி சனத்திலும் அப்படி நிறையப் பேர் உண்டு டாக்டர் என்றேன், அவர் சிரிக்கவில்லை. இது என் யோசனைதான், இன்னும் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை என்றும் சொன்னார். குழாய் அழிந்து பித்தத்துக்கு வழி இல்லாமல், மதகு அடைத்த வாய்க்கால் மாதிரி திரும்பி ரத்தத்தில் ஏறுகிறதாம், அரிப்பும் மஞ்சளும் அதனால்தானாம். கள்ளும் இல்லை, தொற்றும் இல்லை, பெண்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது என்றார். அரிப்புக்கு மருந்து தரலாம், ஈரலுக்கு இல்லை என்றார். எத்தனை காலம் என்று உன் அம்மா கேட்டாள். தம்பி கல்யாணத்தைப் பார்த்துவிடுவாள் என்றார். எங்கே நின்று பார்ப்பாள் என்பதைத்தான் நீ மாமனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய்.

இணைச்சீரில் கூறைச்சேலைப் பேழையைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை பக்கத்தில் நிற்பது கூடப் பிறந்தவளின் பாத்தியதை. சீர் செய்து வைக்கும் அருமைக்காரரைப் போய்ப் பார்த்தேன். அக்கா உசுரோட இருக்கறப்ப வேற புள்ளைய நிறுத்துனா அவளச் செத்தவளாக்குன மாதிரிங்க, நான் செய்ய மாட்டனுங்க என்று அவரே சொல்லிவிட்டார். அந்நிய மனிதருக்கு இருக்கிற ஈரம் உனக்கு இல்லை.

வேறு சேதி ஒன்றும் பெரிதாக இல்லை. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி. நீ உலைப் பக்கம் நின்று வேலை செய்கிறவன், வெயில் காலம், மோர் நிறையக் குடி.

நேற்று கமலாத்தாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சொறிந்து சொறிந்து புண்ணான கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, ஏனுங்கப்பா, அன்னைக்குப் பொம்பளைங்க எல்லாருமே மஞ்சள் பூசீட்டுத்தான இருப்பாங்க, நானும் தடிப்பாப் பூசிக்கிறனுங்க, கண்ணத் தூக்கவே மாட்டன், அப்பவாச்சும் தம்பி பக்கத்துல நிக்க உடுவாங்களா என்று கேட்டாள். இந்த வயதில் பெற்ற மகள் முன்னால் அழுதேன், வேறென்ன செய்ய.

நோய் நொடி இல்லாமல் இரு, மூப்பு உனக்கு அதன் காலத்தில் வரட்டும், அதுதான் என் ஆசீர்வாதம். ஒன்றை மறந்துவிடாதே, இதற்கு எனக்குப் பதில் எழுத வேண்டாம். கேட்டது உன் அக்கா. அவள் பெயருக்கே எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆறுமுகசாமி